நிறம் நீங்கும், உப்பு நீங்குமா?

(கைத்தறிச் சாயக் கழிவு நீர் குறித்து மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கேரளத்தின் தென்கோடியில் அமைந்தது நெய்யாற்றின்கரை வட்டம். அகத்தியமலைப் பகுதியில் தோன்றும் நெய்யாறு இவ்வட்டத்தின் வழியே ஓடிப் பூவாற்றில் அரபிக் கடலைச் சேர்கிறது. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. அங்கிருந்து தமிழகத்தின் விளவங்கோடு வட்டம் தொடங்குகிறது. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தி அமைக்கப்படும்வரை இவ்விரு பகுதிகளும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. எல்லைக்கோடு வந்த பின்னும் மொழி, உறவு, சந்தை, தொழில் ஆகியவை இருபுறமும் கலந்தே நிற்கின்றன. நிலத்தடி நீரும் அவ்வாறே.

இவ்வட்டத்தின் பெயரைத் தேசமெங்கும் அறியச் செய்த தொழில் பாலராமபுரம் கைத்தறி நெசவாகும். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கு வரவழைத்துக் குடியமர்த்தப்பட்டதாக வரலாறு கூறுகிறது. அரசரின் பெயரே ஊரின் பெயராயிற்று. இன்று புவிசார் குறியீடு பெற்று விளங்கும் அந்த நெசவு, குழித்தறியில் நெய்த மெல்லிய பருத்தித் துணிக்கும், தெருவில் பாவை நீட்டிக் கஞ்சியிடும் முறைக்கும் புகழ்பெற்றது.

கரையில் மட்டும் வண்ணம்

இந்தத் துணியில் ஒரு சிறப்பு உண்டு. வேட்டியும் சேலையும் பெரும்பாலும் பருத்தியின் இயல்பான வெளிர் நிறத்திலேயே நெய்யப்படுகின்றன. கசவுச் சரிகையோ வண்ண நூலோ கரையிலும் முந்தானையிலும் மட்டுமே இடம்பெறும். துணி முழுவதையும் சாயத்தில் முக்கி எடுக்கும் பின்னலாடை ஊர்களோடு ஒப்பிட்டால், இங்கு ஒரு துணிக்குத் தேவைப்படும் சாயம் மிகச் சிறிது. ஆகவே சாயக் கழிவும் சிறிது. இயற்கையாக அமைந்த இந்த நன்மையைத் திட்டமிடுவோர் மறந்துவிடலாகாது.

ஆனால் அளவு சிறியது என்பதாலேயே கவலையற்று இருக்கவும் இயலாது. பெரிய ஆலையின் கழிவு ஒரு வாய்க்காலில் வெளிப்படும், கண்ணில் படும், கேள்வி எழும். சிறு சாயத்தொட்டியின் கழிவு வீட்டுப் பின்புறத்தில் கொட்டப்பட்டுச் சில நிமிடங்களில் மண்ணுக்குள் மறைந்துவிடும். மறைந்தது அழிந்ததாகாது. சாயமிட்ட நூலை வெளியூரிலிருந்து வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று கருதுவதும் அவ்வாறான தவறே. அப்போது கழிவு வேறோர் ஊரின் கணக்கில் சேர்கிறது, அவ்வளவுதான்.

மண்ணும் கிணறும்

இப்பகுதியின் இடைநாட்டு நிலம் பெரும்பாலும் செம்புரை மண்ணால் ஆனது. நுண்துளைகள் நிறைந்த இம்மண் மழைநீரை விரைவில் உள்வாங்கும். அதே விரைவில் கழிவு நீரையும் உள்வாங்கும். கேரளத்தில் வீட்டுக்கொரு கிணறு என்பது வழக்கு. கடற்கரைப் பகுதியில் சதுர கிலோமீட்டருக்கு 200 கிணறுகள், இடைநாட்டில் 150 கிணறுகள் என்பது பலகாலமாக எடுத்துக்காட்டப்பட்டு வரும் மதிப்பீடு. கழிவு கொட்டப்படும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே சில மீட்டர் தொலைவே இருக்கக்கூடிய நாட்டில், சிறு தொட்டியும் பெரும் பொறுப்பை உடையது.

மண் சாயத்தின் நிறத்தை ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே கிணற்று நீர் தெளிவாகவே தோன்றலாம். நிறத்தோடு சென்ற உப்போ மண்ணில் தங்குவதில்லை. நீரோடு நீராகக் கிணற்றை அடைகிறது. சாயக் கழிவின் உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சாயத்தொட்டியின் கணக்கு

பருத்திக்கு இன்று பரவலாகப் பயன்படுபவை வினைச் சாயங்கள். 1956-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த இவை பளிச்சென்ற நிறமும் எளிய செய்முறையும் கொண்டவை. ஆயினும் இவற்றுக்கு இரு குறைகள் உண்டு. சாயத்தில் 20 முதல் 40 விழுக்காடு வரை நூலில் பிடிக்காமல் நீரோடு போகக்கூடும் என்பது ஒன்று. சாயத்தை நூலின்பால் செலுத்துவதற்கு உப்பை ஏராளமாக இட வேண்டும் என்பது மற்றொன்று. அந்த உப்பில் ஒரு துளியும் துணியில் தங்குவதில்லை. இட்ட உப்பு முழுவதும் கழிவாகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு கூட்டுறவுச் சாயச்சாலை நாளொன்றுக்கு 100 கிலோ நூலுக்குச் சாயமிடுவதாகக் கொள்ளலாம். ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் நீர் எனில், சாயக் குளியலுக்கு 2,000 லிட்டர் தேவை. பின்னர் நான்கு முறை அலசினால் மொத்தம் 10,000 லிட்டர் கழிவு நீர் வெளிப்படும். லிட்டருக்கு 60 கிராம் வீதம் உப்பிட்டால், அன்றாடம் செலவாகும் உப்பு 120 கிலோ. நூலின் எடையைவிட உப்பின் எடை மிகுதி!

இந்த 120 கிலோ 10,000 லிட்டரில் கலந்தால், லிட்டருக்கு 12,000 மில்லிகிராம் என்றாகிறது. மத்திய அரசு 2016-ல் ஜவுளித் தொழிலுக்கென அறிவித்த தரத்தின்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. குடிநீருக்கு விரும்பத்தக்க வரம்பு 500 மில்லிகிராம். ஒரே நாளின் உப்பை அந்த வரம்புக்குள் கொண்டுவர, உப்பே இல்லாத நீர் 2,40,000 லிட்டர் வேண்டும். ஒரு சிற்றூரின் கிணறுகள் இச்சுமையைத் தாங்குமா என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

நிறம் நீக்கும் வழிகள்

நிறத்தை நீக்குவதற்கு வழிகள் பல உண்டு. அவற்றிற் சில கிராமத்துக்கும் எட்டக்கூடியவை. முதலில் எல்லா அலசல் நீரையும் ஒரு தொட்டியில் சேர்த்து, அதன் காரத்தன்மையைச் சமன்படுத்த வேண்டும். அதன்பின் படிகாரமோ இரும்பு உப்போ இட்டுக் கலக்கினால் சாயத்தின் ஒரு பகுதி திரண்டு வண்டலாக அடியில் தங்கும். இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசான் என்னும் பொருளும் இப்பணிக்கு உதவும். அதன் தயாரிப்பு முறையைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வகுத்துள்ளது. கடலோர மாவட்டத்தில் இதன் மூலப்பொருளுக்குக் குறைவில்லை.

அடுத்தது நுண்ணுயிர் வழி. வினைச் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகையைச் சேர்ந்தவை. காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் இவற்றின் பிணைப்பைத் துண்டிக்கின்றன, நிறம் மறைகிறது. ஆனால் அப்போது உண்டாகும் அரோமாட்டிக் அமீன்கள், நிறமற்றவையாயினும் தீங்கு விளைவிக்கவல்லவை. அவற்றைச் சிதைக்கக் காற்று புகும் இரண்டாம் கட்டம் இன்றியமையாதது. ஆகவே காற்றில்லாத் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது பாதி வேலை மட்டுமன்று. ஆபத்தைக் கண்ணுக்குப் புலப்படாமல் ஆக்கும் வேலையுமாகும்.

அந்த இரண்டாம் கட்டத்திற்கு நாணற்படுகை ஏற்றது. சரளைக்கல் நிரப்பிய ஆழமற்ற தொட்டியில் நாணலையோ சம்பையோ வளர்த்து, அதனூடே கழிவு நீரை மெல்லச் செலுத்துவதே இம்முறை. ஜெர்மனியில் கேதே சைடல் என்ற பெண் அறிவியலாளர் 1950-களில் இதற்கு வழிகாட்டினார். மின்சாரம் ஏறத்தாழத் தேவையில்லை. அறுபது சென்டிமீட்டர் ஆழமுள்ள படுகையில் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீரை நான்கு நாட்கள் தங்க வைக்க ஏறத்தாழ 190 சதுர மீட்டர், அதாவது 5 சென்ட் நிலம் போதும். இறுதியாகத் தேங்காய்ச் சிரட்டைக் கரியால் ஆன வடிகட்டி எஞ்சிய நிறத்தை ஈர்த்துக்கொள்ளும்.

இவற்றுள் எதுவும் கழிவை மாயமாக மறையச் செய்வதில்லை. வண்டலும் தீர்ந்த கரியும் எஞ்சும். 1989-ல் முதன்முதலாக வகுக்கப்பட்டு 2016-ல் புதுப்பிக்கப்பட்ட அபாயகரக் கழிவு விதிகளின்படி இவற்றைத் தனியே சேமித்து, உரிய மையத்துக்கு அனுப்ப வேண்டும். தென்னந்தோப்பில் புதைத்துவிடுவது தீர்வாகாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. படிகாரம், நுண்ணுயிர், நாணல், கரி ஆகிய நான்கும் நிறத்தை நீக்கும், உப்பை நீக்கா. கரைசலில் உப்பு மிகுந்தால் நுண்ணுயிரும் நாணலும் தளர்ந்து, நிறம் நீக்கும் பணியே குன்றும். தெளிந்த நீரைக் கண்டு மகிழும் அலுவலர், அதன் உப்பையும் அளந்து பார்த்த பின்னரே சான்றளிக்க வேண்டும்.

திருப்பூர் கற்பித்த பாடம்

உப்பைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்குத் திருப்பூர் சான்று. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாக மாறிற்று. பயிருக்கு நீர் கேட்டு அணையை வேண்டிய உழவர்களே, அந்நீர் தங்கள் நிலத்துக்கு வேண்டாம் என்று நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்த பின்னும் கரைந்த உப்பு ஆற்றில் சேர்ந்துகொண்டே இருந்தது. உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயத் தொழிலகங்கள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. தொழிலாளரும் முதலீட்டாளரும் ஒருங்கே இடருற்றனர்.

அதன்பின் வந்ததே கழிவு நீரைச் சிறிதும் வெளிவிடாத முறை. எதிர்சவ்வூடு பரவல் மூலம் நல்ல நீர் பிரித்தெடுக்கப்படுகிறது. எஞ்சும் உப்பு நீர் கொதிகலங்களில் ஆவியாக்கப்படுகிறது. தமிழக அரசு 2011-ல் இதற்கென வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், பிரித்தெடுத்த உப்பு நீரையே தூய்மையாக்கி மீண்டும் சாயத்தொட்டிக்கு அனுப்பும் முறை கையாளப்பட்டது. ஆவியாக்கும் எரிபொருட் செலவை இது குறைத்தது.

இவ்வனுபவம் பெருந்தொழிலுக்கு உரியது. நாளொன்றுக்குச் சில ஆயிரம் லிட்டர் கழிவு நீருக்கென அத்தகைய இயந்திரங்களை நிறுவ எந்தக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தாலும் இயலாது. நிறுவினாலும் மின் கட்டணமே நெசவாளரின் கூலியை விழுங்கிவிடும். ஆகவே திருப்பூரின் இயந்திரத்தை அன்று, அதன் பாடத்தையே இங்குக் கொண்டுவர வேண்டும். கழிவில் சேர்ந்துவிட்ட உப்பைப் பிரிப்பது பெருஞ்செலவு. கழிவில் உப்பைச் சேர்க்காமலிருப்பது சிறுசெலவு. இதுவே அப்பாடம்.

தொட்டிக்கு முன்னே எடுக்க வேண்டிய முடிவு

முதலாவது, சாயத்தின் தேர்வு. கரை நூலுக்கு வேண்டியது பல்லாண்டு துவைத்தாலும் மங்காத நிறம். வெண்துணியில் கரைச்சாயம் கசிந்தால் துணியே பாழாகும். இத்தேவைக்கு வாட் சாயங்கள் மிகப் பொருத்தமானவை. அவுரியின் நீலமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 1901-ல் ஜெர்மனியில் ரெனே போன் கண்டுபிடித்த இண்டாந்திரீன் இவ்வகைச் செயற்கைச் சாயங்களுக்குத் தொடக்கமாயிற்று. இச்சாயங்களின் பெரும்பகுதி நூலில் பிடித்துக்கொள்கிறது. நூலுக்குச் சாயமிட வினைச் சாயத்தைப் போல உப்பு வேண்டியதில்லை. கழிவு நீரில் காற்றுப் பட்டதும் எஞ்சிய சாயம் கரையாத் துகளாக மாறுவதால் எளிதில் வண்டலாகப் படிகிறது.

வாட் சாயத்துக்கும் குறை உண்டு. அதன் கழிவு கடுங்காரத்தன்மை உடையது. சேர்க்கப்படும் ஹைட்ரோசல்பைட் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி, முடிவில் சல்பேட் உப்பாக நிற்கிறது. எனவே சமன்படுத்தலும் காற்றூட்டலும் கட்டாயம் தேவை. ஆயினும் உப்பின் மொத்தச் சுமை வெகுவாகக் குறையும்.

இயற்கைச் சாயங்கள் தமிழ் நாட்டுக்குப் புதியன அல்ல. சாயவேரும் அவுரியும் சோழமண்டலத் துணிகளைக் கடல் கடந்தும் புகழ்பெறச் செய்தவை. இன்றும் அவற்றுக்குத் தனிச் சந்தை உண்டு. எனினும் இயற்கை என்ற சொல்லே தூய்மைக்குச் சான்றாகாது. நிறம் பிடிக்க இடப்படும் படிகாரத்தின் ஒரு பகுதி கழிவில் சேரும். செம்பு, குரோமிய உப்புகளை இட்டால் தீங்கு மேலும் மிகும். செயற்கைச் சாயங்களிலும் எச்சரிக்கை வேண்டும். புற்றுநோய்க்குக் காரணமாகும் அமீன்களைத் தரவல்ல 112 சாயங்களை இந்திய அரசு 1990-களில் தடை செய்தது. கடைக்காரர் தரும் பொட்டலத்தில் சாயத்தின் பெயரும் எண்ணும் உள்ளனவா என்று பார்த்து வாங்குவது சங்கத்தின் கடமை.

இரண்டாவது, நீரின் அளவு. வினைச் சாயம்தான் வேண்டுமெனில், கிலோவுக்கு 20 லிட்டர் என்பதை 10 லிட்டராகக் குறைத்தால் உப்பு 60 கிலோவாகக் குறையும். குறைந்த உப்பில் பிடிக்கும் சாயத்தைத் தேர்ந்து லிட்டருக்கு 30 கிராம் இட்டால், 30 கிலோ போதும். முன்பு 120 கிலோ இருந்த இடத்தில் 30 கிலோ. இதற்குச் சுத்திகரிப்பு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

மூன்றாவது, பிரித்து வைத்தல். உப்பில் பெரும்பங்கு சாயக் குளியலில்தான் உள்ளது. அலசல் நீரில் அன்று. நூற்சிட்டத்தை நன்கு பிழிந்தெடுத்தால், முதலில் சொன்ன எடுத்துக்காட்டில் ஏறத்தாழ 250 லிட்டர் உப்புக் கரைசல் மட்டுமே நூலோடு அலசலுக்குச் செல்லும். அதில் இருப்பது 15 கிலோ உப்பு. 8,000 லிட்டர் அலசல் நீரில் அது கலந்தால் லிட்டருக்கு 1,900 மில்லிகிராம் அளவு. சாயத்தோடு இடும் சோடாவையும் சேர்த்தால் தரவரம்பை ஒட்டி வந்து நிற்கும். நீரைக் குறைத்து உப்பையும் குறைத்தால் வரம்புக்குள் அடங்கும். தனியே பிரித்த குளியல் நீரை நிறம் நீக்கி, அடுத்த கருநிறச் சாயத்துக்கு மீண்டும் பயன்படுத்தலாம்.

அவ்வுப்பு நீரை வெயிலில் உலர்த்திவிடலாமே என்று கேட்கலாம். நாளொன்றுக்கு நிகர ஆவியாதல் 4 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 2,000 லிட்டருக்கு 500 சதுர மீட்டர் தேவை. ஏறத்தாழ 12 சென்ட். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் இந்நாட்டில் பல மாதங்கள் உலர்த்துதல் நடவாது. திறந்த பாத்தி மழையில் நிரம்பி வழியும். எனவே உலர்பாத்தி கோடைக்கான துணைவழி மட்டுமே.

கூட்டுறவே வழி

இவை அனைத்தும் வீட்டுக்கு வீடு நடக்கக்கூடியவை அல்ல. வீட்டுத் தொட்டியில் நீரின் அளவு, உப்பின் எடை, சாயத்தின் வகை எதுவும் கணக்கில் வருவதில்லை. பல சங்கங்கள் சேர்ந்து ஒரு பொதுச் சாயச்சாலை அமைத்தால், ஒரு தராசும் ஒரு பயிற்சி பெற்ற சாயத் தொழிலாளியும் ஒரு நாணற்படுகையும் பல நூறு தறிகளுக்குப் பயன்படும். நெசவாளர் வீட்டில் நெசவு தொடரும். சாயம் மட்டும் ஓரிடத்தில் நடைபெறும்.

கேரளத்தில் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், ஊராட்சிகளுக்குத் திட்ட நிதியையும் முடிவெடுக்கும் உரிமையையும் அளித்தது. பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர் போன்ற ஊராட்சிகளும் நெய்யாற்றின்கரை நகராட்சியும் இத்தகைய பணிக்குக் கைகோக்கலாம். சாயச்சாலைக்கு இடம் தேர்வதில் கிணறுகளின் தொலைவும், நிலத்தடி நீர் மட்டமும், மழை வெள்ளம் பாயும் வழியும் முதலில் பார்க்கப்பட வேண்டும்.

எல்லைக்கு அப்பாலும்

நெய்யாற்று நீரைப் பங்கிடுவது குறித்து இரு மாநிலங்களிடையே வழக்கு உண்டு. விளவங்கோடு வட்டத்துக்கு இடதுகரைக் கால்வாய் வழியே சென்ற நீர் 2004-ல் நிறுத்தப்பட்டது; தமிழக அரசு 2012-ல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. நீரின் அளவு பற்றிய இத்தகைய வாதங்களுக்கிடையே நீரின் தரம் மறக்கப்பட்டுவிடலாகாது. எல்லையின் எப்புறத்தில் சாயத்தொட்டி இருப்பினும், மண்ணுக்குள் இறங்கும் உப்பு மாநிலம் பார்ப்பதில்லை.

1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இதனை முன்னரே கண்டது. அடுத்தடுத்த மாநிலங்கள் உடன்பட்டுக் கூட்டு வாரியம் அமைக்க அதில் இடமுண்டு. அந்தந்த வட்டாரத்தின் மண், தட்பவெப்பம், நீர்வளம் ஆகியவற்றுக்கு ஏற்ற சிக்கனமான சுத்திகரிப்பு முறைகளை உருவாக்குவதும் மாநில வாரியத்தின் பணிகளுள் ஒன்றென அச்சட்டம் கூறுகிறது. உரிமம் வழங்குதலும் தண்டித்தலும் மட்டுமே வாரியத்தின் வேலை என்று எண்ணுவது சட்டத்தைப் பாதி படித்ததாகும். கூட்டு வாரியம் அமையும்வரையிலும்கூட, இருபுற அலுவலர்கள் கிணற்று நீர் அளவீடுகளைப் பரிமாறிக்கொள்வதற்குத் தடை ஏதுமில்லை.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவி விலை மிகாதது. உப்பு கூடினால் அதன் எண் கூடும். சாயமிடும் இடத்தைச் சுற்றியுள்ள கிணறுகளைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்து, ஆண்டுதோறும் ஒரே ஏட்டில் பதிந்து வந்தால், எந்தக் கிணறு எப்போது கெடத் தொடங்கியது என்பது தெரிந்துவிடும். நொய்யற் கரையில் நிலம் கெட்ட பின்னரே வழக்கும் தீர்ப்பும் வந்தன. நெய்யாற்றங்கரையில் கிணறுகள் கெடுமுன்னரே அந்த ஏடு தொடங்கப்பட வேண்டும். சாயத்தொட்டிக்கு அருகே உப்பை எடைபோடும் தராசும் வைக்கப்பட வேண்டும்.